பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஊர்ப்பொது விவகாரங்களில் ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் கூடினால் சில புலம்பல்கள் நிச்சயம் வரும். குழாயில் தண்ணீர் இல்லை, ரோட்டில் குழி, தெருவிளக்கு எரிந்து மாதக்கணக்காகிறது, ரேட்ஸ் (மாநகராட்சியின் சொத்து வரி) ஏறிவிட்டது. எல்லாம் சொல்லி முடித்ததும் ஒருவர் "பிழைக்க வந்த இடத்தில் நமக்கு ஏன் வம்பு, நாம என்ன இந்த ஊர்க் குடிமக்களா" என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

தலையாட்டுவதற்கு முன் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அதில் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியவை சிலதான்: வாக்களிப்பது, தேர்தலில் நிற்பது, கட்சி தொடங்குவது, இந்த நாட்டு பாஸ்போர்ட், விரும்பிய தொழிலைத் தேர்ந்துகொள்வது. கருத்துச் சொல்வது, அமைதியாகக் கூடுவது, மனுக் கொடுப்பது, சங்கம் சேர்வது, அரசிடம் தகவல் கேட்பது, அரசின் முடிவுக்குக் காரணம் கேட்பது எல்லாம் இங்கே இருக்கிற எல்லோருக்கும் உள்ளவை. குடியுரிமைச் சான்றிதழ் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் கதவுக்கு வெளியே சாவியை எதிர்பார்த்து நிற்கிறார்கள். எங்கே தொடங்கி என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலும் டர்பனை, அதாவது எத்தெக்வினி மாநகராட்சியை வைத்தே சொல்கிறேன், ஆனால் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான்.

முதல் படி: உங்கள் கையில் உள்ள தாள் எது

தற்காலிக விசாவில் இருப்பவர், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், குடிமகன் என்று மூன்று நிலைகள். நம் ஆட்கள் பலர் குழம்புவது இரண்டாவதில். நிரந்தர வசிப்புரிமை வந்து, ஐடி புத்தகமும் வந்துவிட்டால் ஓட்டும் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வரவில்லை. சில நாடுகளில் உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமாவது வெளிநாட்டவருக்கு ஓட்டு உண்டு. இங்கே அதுவும் கிடையாது, ஓட்டு குடிமக்களுக்கு மட்டும்தான்.

பிள்ளை இங்கே பிறந்தால் 30 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். நிரந்தர வசிப்புரிமை உள்ள பெற்றோருக்கு இங்கே பிறந்து, பிறப்பு பதிவாகி, பதினெட்டு வயதுவரை இங்கேயே வளர்ந்த பிள்ளைக்குப் பிறப்புவழிக் குடியுரிமை பெற வழி இருக்கிறது. பதிவை இழுத்தடித்தால் பின்னால் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலக வரிசையில் நிற்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

இந்த ஓட்டின் கதை

இதை ஒரு படி என்று சொல்ல முடியாது, ஆனாலும் தெரியாமல் எந்தக் கூட்டத்துக்கும் போகாதீர்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் டர்பனில் இறங்கினார்கள், கரும்புத் தோட்டங்களுக்காக. 1895இல் ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலைமேல் மூன்று பவுண்டு வரி விழுந்தது. 1896இல், டர்பன் அடங்கிய நட்டால் காலனி, இந்தியர்கள் புதிதாக வாக்காளர் ஆவதைத் தடுத்தது. 1924இல் நகராட்சி ஓட்டுக்கும் அதே கதி. மூன்று பவுண்டு வரியை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த பெண், நம் பாடப்புத்தகம் காட்டும் அந்தத் தஞ்சாவூர்க் கிராமம் அவருடைய பெற்றோரின் ஊர். நான்கு தலைமுறை உழைத்த பிறகும் இந்தியர்களை இந்நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஒப்புக்கொண்டது 1961இல்தான். அதுவரை எப்படியாவது திருப்பி அனுப்பிவிடலாம் என்பதுதான் கொள்கை.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். நிறவெறி அரசு 1984இல் இந்தியர்களுக்கென்று தனி அவை ஒன்றை உண்டாக்கி ஓட்டும் கொடுத்தது, பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு எதுவும் இல்லாமல். பதிவு செய்திருந்த இந்திய வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் போய் ஓட்டுப் போட்டார், மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். அந்தப் புறக்கணிப்பும் பொது விவகாரத்தில் பங்கெடுப்பதுதான் என்பது என் எண்ணம். எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது 1994 ஏப்ரல் 27இல். இப்போது டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் பாட்டிகளில் பலர் அன்றுதான் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுப் போட்டவர்கள். அவர்கள் முன்னால் "அரசியல் நமக்கெதற்கு" என்று பேசினால் ஒரு பார்வை பார்ப்பார்கள், அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல முடியாது.

கவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி என்ற பெயர்களைக் கவுன்சிலர் பட்டியலில் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்துவிட வேண்டாம், பெரும்பாலோருக்கு வீட்டு மொழி ஆங்கிலம்தான். "ஆன்ட்டி", "அங்கிள்" என்று மரியாதையாகக் கூப்பிட்டால் காரியம் நடக்கும். ஊர்ப் பெருமை பேசி "நாங்கள்தான் அசல் தமிழர்" என்கிற தொனி வந்தால் ஒரு காரியமும் நடக்காது.

இரண்டாம் படி: வார்டு எண்

இங்கே பொது விவகாரத்தின் முதல் திறவு வார்டு எண். 2021 தேர்தலின்போது எத்தெக்வினியில் 111 வார்டுகள், மாநகர மன்றத்தில் 222 பேர். பாதிப் பேர் வார்டிலிருந்து நேராக வந்தவர்கள், மீதிப் பேர் கட்சிப் பட்டியலில் விகிதாசாரப்படி வந்தவர்கள். உங்கள் முகவரிக்கு எந்த வார்டு என்பதைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், இல்லையென்றால் பக்கத்து நூலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கவுன்சிலரின் பெயரும் எண்ணும் கிடைத்ததும் போனில் சேமித்துவையுங்கள். தெருவுக்கோ குடியிருப்புக்கோ இருக்கும் வாட்ஸாப் குழுவில் சேருங்கள், உண்மையில் பாதிச் செய்தி அங்கேதான் வருகிறது. (மீதிப் பாதி வதந்தி, அதையும் எதிர்பார்த்தே சேருங்கள்.)

வார்டு கமிட்டி என்று ஒன்று உண்டு. கவுன்சிலர் தலைவர், அவரோடு பத்துப் பேர் வரை. உறுப்பினராக வேண்டுமென்றால் வழக்கமாக அந்த வார்டில் பதிவான வாக்காளராக இருக்கவேண்டும், ஆனால் கவுன்சிலர் கூட்டும் பொதுக்கூட்டத்தில் போய் உட்கார யாரும் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள். 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டம், அங்கே வசிக்கிறவர்களையும் ரேட்ஸ் கட்டுகிறவர்களையும் உள்ளூர்ச் சமூகம் என்றே சொல்கிறது. அவர்களுக்கு எழுத்திலும் வாய்மொழியிலும் யோசனையும் புகாரும் தரும் உரிமை, அதற்கு உடனுக்குடன் பதில் பெறும் உரிமை, மன்றத்தின் முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமை எல்லாம் அதில் உண்டு. எழுதத் தெரியாதவர் அலுவலகத்துக்கு வந்தால் ஊழியர் உட்கார்ந்து எழுதித் தரவேண்டும் என்றுகூட அதே சட்டம் சொல்கிறது. ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இது தெரியட்டும்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது சில விஷயங்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்காது, ஆனால் நீங்கள் நேரத்துக்குப் போங்கள், அப்போதுதான் நாற்காலியும் கிடைக்கும், பக்கத்து வீட்டாரின் அறிமுகமும் கிடைக்கும். ஜெபத்தோடு தொடங்குவது வழக்கம். பேச்சு சூலுவிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி ஓடும், புரியாவிட்டால் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்பது தப்பில்லை. எழுந்ததும் "சானிபோனானி" என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், அறையே கொஞ்சம் இளகும். பேச வேண்டியதை ஒரே விஷயமாக வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தெரு, எந்த விளக்குக் கம்பம், எப்போதிலிருந்து, புகார் எண் என்ன. நாட்டின் ஊழலைப் பற்றி நீளமாகப் பேச அங்கே ஏற்கெனவே நான்கு பேர் இருப்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வெளிநாட்டவர் வாய் திறப்பதை எல்லோரும் விரும்புவதில்லை. 2008இலும் 2015இலும் வெளிநாட்டவர் மீது நடந்த வன்முறை மறக்கக்கூடியதல்ல, 2015இல் அது டர்பனிலேயே நடந்தது. அதனால் தனியாளாகப் போகாமல் தெருக்காரர்களோடு சேர்ந்து போங்கள். கோரிக்கை உங்கள் வீட்டுக்காக என்று இல்லாமல் தெருவுக்காக என்று இருக்கட்டும், கையெழுத்திலும் எல்லா நிறத்தவரும் இருக்கட்டும். இது தந்திரம் இல்லை, ஊர்க் காரியம் என்றாலே அப்படித்தான்.

மூன்றாம் படி: புகாரைத் தாளில் நிற்கவைப்பது

போனில் திட்டுவது புகார் ஆகாது. தண்ணீரோ மின்சாரமோ சாலையோ, மாநகராட்சியிடம் சொன்னதும் ஒரு குறிப்பு எண் தருவார்கள், அந்த எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்தப் பகுதியே மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ஓர் ஆள் சொல்வதற்கும், நாற்பது வீட்டுக்காரர்கள் தேதியும் எண்ணுமாக எழுதி வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

குறிப்பு எண்ணை வைத்துக் கவுன்சிலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையா, மாநகராட்சியின் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு. அங்கேயும் நகரவில்லையா, அரசு நிர்வாகத்தின் மீதான புகார்களை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் அலுவலகம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், குடிமகனாக இருக்கவும் வேண்டாம். ஆனால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், அதற்குமுன் நீங்களாகவே தீர்க்க முயன்றதைக் காட்டவேண்டும். இது பல்லில்லாத அலுவலகம் என்று நினைக்கவேண்டாம். ஜனாதிபதியாக இருந்த ஜேக்கப் ஜூமாவின் ன்கான்ட்லா வீட்டுக்குச் செலவான அரசுப் பணத்தைப் பற்றி அப்போதைய பப்ளிக் புரொடெக்டர் துலி மடோன்செலா 2014இல் கொடுத்த அறிக்கை சொன்ன நடவடிக்கைகளை எடுத்தே ஆகவேண்டும் என்று 2016 மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றமே சொன்னது.

தகவல் வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது, நம் ஊர் ஆர்டிஐக்கு ஐந்து வயது மூத்தது. படிவம் நிரப்பிக் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். உங்கள் தெருவில் சாலை போட ஒப்பந்தம் யாருக்குப் போனது என்று கேட்க இது போதும்.

நான்காம் படி: பட்ஜெட் காலம்

கவனம் குறைவான, பலன் அதிகமான படி இதுதான். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைக்கவேண்டும், ஏப்ரலிலும் மே மாதத்திலும் மக்கள் கருத்துச் சொல்லலாம். ரேட்ஸ் எவ்வளவு ஏறும், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்ன கட்டணம், எந்த வார்டுக்கு எந்த வேலை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தையும் ஆண்டுதோறும் அப்போதுதான் திருத்துவார்கள். ஜூலையில் பில் வந்த பிறகு கத்துகிறோமே, அதற்கான நேரம் ஏப்ரல். மன்றக் கூட்டங்களும் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை.

வீடு வாங்கியவர்கள் மதிப்பீட்டுப் பட்டியலையும் கவனியுங்கள். பெருநகரங்களில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாச் சொத்துக்கும் புது மதிப்புப் போடுவார்கள். உங்கள் வீட்டுக்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்றால் பட்டியல் பார்வைக்கு இருக்கும் காலத்துக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம், பக்கத்தில் அதே அளவு வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதை இணைத்து. ஆட்சேபம் கொடுத்துவிட்டோம் என்று ரேட்ஸ் கட்டாமல் இருந்துவிடாதீர்கள், முடிவு வரும்வரை கட்டித்தான் ஆகவேண்டும்.

உபவிதிகளும், அதாவது மாநகராட்சி தானே போடும் உள்ளூர் விதிகளும், இப்படித்தான். தீபாவளிக்கு எத்தனை மணிவரை பட்டாசு வெடிக்கலாம் என்று டர்பனில் ஆண்டுதோறும் சண்டை வரும், நாய் வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். எந்த உபவிதியையும் மக்கள் கருத்துக்கு வெளியிடாமல் நிறைவேற்றக்கூடாது. அந்த நேரத்தில் கோயில் கமிட்டிகள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும், அக்டோபரில் பேஸ்புக்கில் பொங்கவேண்டிய தேவை இருக்காது.

ஐந்தாம் படி: பள்ளியும் காவல் நிலையமும்

பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா, அப்படியானால் உங்களுக்கு உண்மையான அதிகாரம் உள்ள ஓர் அவை பக்கத்திலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் நிர்வாகக் குழு உண்டு, ஓட்டுரிமை உள்ள மற்ற உறுப்பினர்களைவிடப் பெற்றோர் ஒருவராவது அதிகம் இருக்கவேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், 2024இல் நடந்தது, அடுத்தது 2027இல். பள்ளிக் கட்டணமும் பட்ஜெட்டும் பெற்றோர் கூட்டத்தில்தான் ஒப்புதல் பெறவேண்டும். சட்டம் பேசுவது பெற்றோரைப் பற்றி, அவர்கள் எந்த நாட்டவர் என்பதைப் பற்றி அல்ல. தமிழைப் பாடமாக வைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மேடையில் முழங்குவதைவிட இந்தக் குழுவில் போய் உட்காருவது மேல். அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு, மொழி வாரியம் மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது, கடிதத்தில் அதை மேற்கோள் காட்டுங்கள்.

ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் சமூகக் காவல் மன்றம் உண்டு, சிபிஎஃப் என்பார்கள். திருட்டுப் பயத்தில் தெருக்காவல் குழுக்களில் சேருகிறவர்கள் அந்த மன்றத்தோடு இணைந்த குழுவிலேயே சேருங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் வீட்டுக்காரர்கள் தாங்களாகவே சாலைகளில் தடுப்பு வைத்தார்கள், கடைசியில் அந்தப் பகுதியில் 30க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், கொல்லப்பட்டார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. யாராவது நள்ளிரவில் "எல்லோரும் கட்டையோடு வாங்க" என்று செய்தி போட்டால் போகாதீர்கள்.

ஆறாம் படி: சட்டமன்றத்துக்கு ஒரு கடிதம்

கேப் டவுனில் இருக்கும் நாடாளுமன்றம் நமக்குத் தூரம்தான், ஆனால் சட்ட வரைவுகளுக்குக் கமிட்டிகள் கருத்துக் கேட்கும், மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். 2006இல் டாக்டர்ஸ் ஃபார் லைஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், மக்களுக்கு நியாயமான வாய்ப்புத் தராமல் நிறைவேறிய சட்டங்களை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. அதன்பிறகு இந்தக் கருத்துக் கேட்பை யாரும் சடங்காக நினைத்துவிட முடியவில்லை. தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கும் பள்ளிச் சட்டத் திருத்தத்துக்கும் ஒன்பது மாகாணங்களிலும் நேரடி விசாரணை வைத்தார்கள். எழுதும்போது எந்தப் பிரிவு, அதில் என்ன சிக்கல், அதற்குப் பதில் என்ன வாசகம் என்று ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள்.

தெருவில் இறங்குவதென்றால்: பதினைந்து பேருக்கு மேல் கூடும் போராட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக மாநகராட்சிக்கு அறிவிப்புத் தரவேண்டும். அது அறிவிப்புதான், அனுமதி கேட்பதல்ல. விசாவில் இருப்பவர்கள் முன்வரிசையில் நிற்பதற்குமுன் கொஞ்சம் யோசியுங்கள், உரிமை இருந்தாலும் கைதானால் விசா புதுப்பிக்கும்போது தலைவலி வரலாம். கட்சிகளுக்கு வெளிநாட்டவர் நன்கொடை தருவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, அந்தப் பக்கமே போகவேண்டாம்.

ஏழாம் படி: குடியுரிமை வாங்குவதா

இது வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவேண்டியது. நிரந்தர வசிப்புரிமை வாங்கி, தொடர்ந்து ஐந்து ஆண்டாவது இங்கே வசித்து, அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று பேசத் தெரிந்து, குடிமகனின் பொறுப்புகளும் தெரிந்திருக்கவேண்டும் என்பது சட்டத்தின் சாரம். விதிகளும் நடைமுறையும் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் ஹோம் அஃபேர்ஸில் கேட்டுக்கொள்ளுங்கள், மாமா சொன்னதை நம்பவேண்டாம். இந்தியர்களுக்குப் பெரிய விஷயம் வேறு: இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. தென்னாப்பிரிக்கக் குடிமகனானால் இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும், அப்புறம் வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டையில் ஊருக்குப் போகலாம், இருக்கலாம், ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பூர்விக வயலை நினைத்து இந்த இடத்தில் தயங்குகிறவர்கள் நிறைய, அந்தத் தயக்கம் நியாயமானது. இந்தியக் குடிமகனாகவே இருக்க முடிவெடுத்தால், வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொண்டு தேர்தல் நாளில் ஊருக்குப் போய் ஓட்டுப் போடலாம்.

எட்டாம் படி: ஓட்டு

குடிமகனாகிவிட்டீர்கள், அல்லது இங்கே பிறந்த பிள்ளைக்கு வயது வந்துவிட்டது. 16 வயதிலேயே பதியலாம், 18இல் ஓட்டு. ஸ்மார்ட் ஐடி அட்டையோ பச்சை ஐடி புத்தகமோ வேண்டும். இணையத்திலும் பதியலாம், பதிவு வார இறுதிகளில் வாக்குச்சாவடிக்கே போயும் பதியலாம். தேர்தல் தேதி அரசிதழில் வந்ததும் பட்டியல் மூடிவிடும், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

நாடாளுமன்ற, மாகாணத் தேர்தலில் 2024 முதல் மூன்று வாக்குச்சீட்டு. சுயேச்சைகளும் நிற்கலாம் என்று 2020இல் நீதிமன்றம் சொன்னதன் விளைவு அது. உள்ளாட்சித் தேர்தலில் டர்பன் போன்ற பெருநகரில் இரண்டு சீட்டு: ஒன்று வார்டு ஆளுக்கு, இன்னொன்று கட்சிக்கு. இரண்டுக்கும் ஒரே கட்சியைக் குறிக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தெருவுக்கு நல்லது செய்கிற ஆள் ஒரு கட்சி, உங்கள் மனம் வேறு கட்சி என்றால் பிரித்துப் போடுங்கள். 2021 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுக்கப் பதிவானவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை, எத்தெக்வினியில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில் ஒரு தெருக்காரர்கள் எழுந்து வந்தால் வார்டின் கணக்கே மாறும். கவுன்சிலர் பதவி இடையில் காலியானால் 90 நாளுக்குள் இடைத்தேர்தல் வரும், அதற்குக் கூட்டம் இன்னும் குறைவு.

சாவடியில் இடது கட்டைவிரலில் மை வைப்பார்கள். முடியாதவர்களும் கர்ப்பிணிகளும் சிறப்பு ஓட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தால் வீட்டுக்கே வருவார்கள். உள்ளாட்சித் தேர்தலில் பதிவான சாவடியில் மட்டும்தான் ஓட்டு, வேறெங்கும் முடியாது. அதனால் சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு வீடு மாறினால் வங்கிக்கும் கரண்ட் பில்லுக்கும் முகவரி மாற்றும் அதே வாரத்தில் வாக்காளர் பட்டியலிலும் மாற்றிவிடுங்கள்.